வாசகர் கேள்விகள்: தலைக்கு மேல் போன கப்பல்

சென்ற இதழில், 1977 ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோவின் கொரோனெட் தியேட்டரில் ‘ஸ்டார் வார்ஸ்’ என்ற விண்வெளிப் படம் பார்த்ததாக ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த வருஷம் அமெரிக்காவில் இருந்த தமிழர்கள் எல்லோரும் அந்த வரிசையில்தான் நின்றிருக்கிறார்கள் போலிருக்கிறது! சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

என் அண்ணன் நியூ ஜெர்சியில் முதல் வாரமே பார்த்தவர். படம் தொடங்கும்போது மேலே ஓடும் எழுத்துகளில் ‘நான்காம் அத்தியாயம்’ என்று இருந்தது என்கிறார். இல்லை என்கிறேன் நான். யார் சொல்வது சரி? – வாசகி, திருச்சி

நீங்கள் சொல்வதுதான். ஆனால் அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், வயதானவர்.

1977 மே 25 அன்று படம் வந்தபோது வெறும் ‘ஸ்டார் வார்ஸ்’தான். அத்தியாயமும் கிடையாது, எண்ணும் கிடையாது. 1980இல் இரண்டாவது படம் வந்தது. அது ஐந்தாம் அத்தியாயம் என்று தொடங்கியது. முதல் படத்துக்கும் ஒரு எண் வேண்டுமல்லவா? 1981இல் மறுபடி வெளியிட்டபோதுதான் ‘நான்கு’ வந்து ஒட்டிக்கொண்டது. நடுவில் 78, 79 என்று பலமுறை தியேட்டருக்கு வந்த படம் அது. உங்கள் அண்ணன் எல்லா முறையும் போயிருப்பார். எல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரே நாளாகிவிட்டது. பெர்க்லியில் என்னோடு அறையில் தங்கியிருந்த விஜயவாடாக்காரரும் இன்று வரை இதே பாட்டைத்தான் பாடுகிறார். அவர் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவர்!

கதாநாயகர்களைத் துரத்தும் சிப்பாய், முதலில் ‘கதவை மூடு’ என்று கத்துவான். அவர்கள் தாண்டிப் போனதும் கதவு மூடிக்கொள்ளும், உடனே ‘கதவைத் திற’ என்று கத்துவான். தியேட்டரே சிரித்தது என்கிறார் ஒரு நண்பர். முதல் கத்தல் கிடையவே கிடையாது என்கிறார் இன்னொருவர். – வாசகர், கோவை

இரண்டு பேருக்கும் காபி வாங்கிக் கொடுங்கள். இரண்டுமே உண்மை.

படம் ஒன்று, ஒலி மூன்று. 70 எம்எம் பெரிய தியேட்டர்களுக்கு ஆறு தட ஒலி; டால்பி வசதி இருந்த 35 எம்எம் தியேட்டர்களுக்கு ஸ்டீரியோ; பழைய ஸ்பீக்கரோடு காலம் தள்ளிய சாதாரணத் தியேட்டர்களுக்கு மோனோ, அதாவது ஒரே தட ஒலி. மோனோவைக் கடைசியாகச் செய்தார்கள். கடைசிக் கையில் சமைப்பவர் உப்புப் பார்த்துச் சேர்ப்பதுபோல, அதில் சில மாற்றங்கள் செய்தார்கள். ‘கதவை மூடு’ அங்கேதான் இருக்கிறது. கதாநாயகன் லூக்கின் அத்தை, பெரு என்று பெயர், அவர் குரல்கூட அதில் வேறு. ஆக, சிரித்த நண்பர் பார்த்தது சின்ன ஊர் தியேட்டராக இருக்கும். நகரத்தில் அதிகக் காசு கொடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு நகைச்சுவை குறைவு. எனக்கும்தான், ‘மூடு’ என்று கத்தியது என் நினைவில் இல்லை.

‘லூக், நான் உன் அப்பா’ என்று வில்லன் சொன்னபோது தியேட்டர் எப்படி இருந்தது? – வாசகர், மதுரை

அது 1980இல் வந்த இரண்டாவது படம், நான் அதற்குள் ஊர் திரும்பிவிட்டேன். வசனத்தில் ‘லூக்’கும் இல்லை. ‘இல்லை, நான்தான் உன் அப்பா’ என்றுதான் வரும்.

யானைப் பிளிறலை ‘ஸ்டார் வார்ஸ்’ ஒலியில் பயன்படுத்தினார்கள் என்று படித்தேன். நம்பலாமா? நான் முப்பது வருஷம் தியேட்டர் ஆபரேட்டர். – வாசகர், புதுக்கோட்டை

நம்பலாம். வில்லன் படையின் சிறு போர் விமானங்கள் வீறிட்டுக்கொண்டு போகுமே, அதில் யானைப் பிளிறல் இருக்கிறது. ஈரச் சாலையில் கார் போகும் சத்தத்தையும் அதோடு கலந்தார் ஒலி வடிவமைத்த பென் பர்ட். உங்களுக்கு இன்னொரு செய்தி: சண்டையில் வீசும் ஒளி வாள் உறுமுகிறதல்லவா, அது உங்கள் கேபின் சத்தம்தான் ஐயா. பர்ட் கல்லூரி நாளில் படம் ஓட்டும் வேலை பார்த்தவர். அங்கே இருந்த பழைய புரொஜெக்டரின் மோட்டார் முனகலோடு டிவி பெட்டியின் இரைச்சலைச் சேர்த்தார். முப்பது வருஷம் நீங்கள் வாளோடு வாழ்ந்திருக்கிறீர்கள்.

லூக் தன் நண்பன் பிக்ஸை ஊரில் சந்திக்கும் காட்சியை முதல் வெளியீட்டில் பார்த்ததாக நன்றாக நினைவிருக்கிறது. இப்போது வரும் பிரதிகளில் காணோம். – வாசகர், நாகர்கோவில்

எடுத்தார்கள், வெளியிடும் முன்பே வெட்டிவிட்டார்கள். ஆனால் நாவலில் அது உண்டு, காமிக்ஸில் உண்டு. நாவல் படத்துக்கு முன்பே, 1976இலேயே கடைக்கு வந்துவிட்டது. படித்ததை மனம் திரையில் ஓட்டிக் காட்டியிருக்கிறது. உங்களுக்கு மட்டுமல்ல, பலருக்கும் இதே காட்சி.

தொடக்கத்தில் அந்தப் பெரிய கப்பல் தலைக்கு மேல் போனபோது எல்லோரும் குனிந்தார்களாமே! நீங்கள்? – வாசகி, தஞ்சாவூர்

இதை நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். முதலில் சின்னக் கப்பல் பறக்கும். அப்புறம் துரத்தும் கப்பல் மேலிருந்து நுழையும், நுழைந்துகொண்டே இருக்கும், முடிந்தது என்று நினைத்தால் இன்னும் வரும். நான் தலையைத் தாழ்த்தினேன், முன் வரிசையில் எல்லோரும் தாழ்த்தினார்கள். கல்யாண வீடு, ரயில், பேரன் பள்ளிக்கூட விழா, எங்கும் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் மன்னார்குடி போனபோது, அக்கா டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நீல ஏரோகிராமை எடுத்துக் கொடுத்தாள். படம் பார்த்த மறுநாள் அவளுக்கு நான் எழுதியது. ஆசையாகப் பிரித்தேன். பெர்க்லி வெயிலை நம்பி மெல்லிய சட்டையோடு போனதும், வளைகுடாவைக் கடந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் இறங்கியதும் மூடுபனியில் பல் தந்தியடித்ததும் பாதிக் கடிதம். 38ஆம் எண் பஸ், தெருமுனையைத் திரும்பிப் போன வரிசை, முன்னால் நின்றவர் பங்கு கொடுத்த பாப்கார்ன் மீதிப் பாதி. டிக்கெட் விலையை அன்றைய டாலர் மதிப்பான எட்டே முக்காலால் பெருக்கி ரூபாயில் எழுதி, அப்பா பார்த்துவிடுவார் என்று அடித்திருக்கிறேன். படத்தைப் பற்றி ஒரே வரி: ‘ஒரு கரடிக் குரங்கு விமானம் ஓட்டுகிறது, நன்றாக இருந்தது.’

கப்பலும் இல்லை, குனிந்ததும் இல்லை.

அக்கா போட்ட பதிலும் என்னிடம் இருக்கிறது. ‘படத்துக்குக் காசு இருக்கிறதல்லவா, முதலில் ஒரு ஸ்வெட்டர் வாங்கு’ என்று தொடங்குகிறது.