நண்பர்களோடு வீட்டில் பணம் வைத்து போக்கர் ஆடினால் எப்போதும் நானே தோற்கிறேன். எங்கே தவறு செய்கிறேன்?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: ஆறு பேர், வாரக்கடைசியில் டெக்ஸஸ் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேஜையில் வரும் போக்கர்), வீடியோ நிறையப் பார்த்துக் கற்றிருக்கிறீர்கள், நன்றாக ப்ளஃப் செய்கிறீர்கள் (மோசமான சீட்டை வைத்துக்கொண்டு நல்ல சீட்டு இருப்பதுபோலக் கட்டுகிறீர்கள்), ஆனாலும் கை காலியாகத்தான் எழுந்திருக்கிறீர்கள். பதில் அந்த "நன்றாக ப்ளஃப் செய்கிறீர்கள்" என்பதிலேயே இருக்கிறது. நானும் ஒன்றரை வருடம் அப்படித்தான் நன்றாக ப்ளஃப் செய்தேன்.

என் ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் சிறிய, பெரிய தொகை) 1–2, ஆளுக்கு 200 சிப் (பணத்துக்குப் பதிலான வில்லை). எனக்கு ஸ்பேடில் ஏஸும் ஜாக்கியும் வந்தன. 8-ஆக ஏற்றினேன், மூன்று பேர் அதே தொகையைக் கட்டிக் கூட வந்தார்கள், பாட்டில் (எல்லோரும் கட்டியது நடுவில் சேரும் குவியலில்) 33. மேஜையில் முதலில் விழும் மூன்று சீட்டான ஃப்ளாப்பில் ஸ்பேட் ஒன்பது, ஸ்பேட் நான்கு, டைமன் ஏழு. இன்னும் ஒரு ஸ்பேட் விழுந்தால் ஃப்ளஷ், அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு. 20 கட்டினேன். இருவர் விலகினார்கள், ஒருவர் மட்டும் அதே அளவு சிப்பைத் தள்ளினார். நான்காவது சீட்டான டர்னில் ஒன்றுக்கும் உதவாத ஒரு இரண்டு. 40 கட்டினேன், மறுபடியும் தள்ளினார். ஐந்தாவது, கடைசிச் சீட்டான ரிவரில் ஹார்ட்டின் ராஜா. ஃப்ளஷ் வரவில்லை, கையில் ஒரு ஜோடிகூட இல்லை. ஆனால் நான் வீடியோ பார்த்தவன் அல்லவா? "ராஜா ஜோடி வைத்திருப்பவன் போல நடிக்க இதுதான் நேரம்" என்று 153 இருந்த பாட்டில் 100 கட்டினேன்.

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, பார்த்துடுவோம்" என்று சிப்பை நகர்த்தினார். கையில் ஏழும் ஆறும். மேஜையில் கிடந்த ஏழோடு சேர்த்து வெறும் ஏழு ஜோடி, அதாவது இரண்டு ஏழு. மேஜையில் அதைவிடப் பெரியதாக ஒன்பதும் ராஜாவும் கிடக்கின்றன!

ஆட்டம் முடிந்தபின் கேட்டேன், நான் ப்ளஃப் செய்கிறேன் என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று. "நீ பொய் சொல்றியா இல்லையான்னுலாம் யோசிக்கலடா. என்ன வச்சிருக்கேன்னு பாக்கணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்."

வீட்டு ஆட்டம் முழுக்க இந்த ஒரு பதிலில் அடங்கிவிடுகிறது. 153 பாட்டில் 100 கட்டி ப்ளஃப் செய்தால், 253-க்கு 100 என்ற கணக்கில், எதிராளி ஐந்தில் இரண்டு முறையாவது விலகினால்தான் எனக்கு நஷ்டமில்லை. பார்க்கவேண்டும் என்ற ஆசைக்காகவே சிப்பைத் தள்ளுகிறவர் ஐந்தில் ஒரு முறை விலகினாலே அதிசயம். இவருக்கு எதிராக நான் போட்ட கதை எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும் என்ன, கேட்க ஆள் வேண்டுமே.

2003 போக்கர் உலகத் தொடரின் கடைசி மோதலில், கணக்கராக வேலை பார்த்த கிறிஸ் மனிமேக்கர் செய்த ப்ளஃப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஃப்ளஷும் வராமல் வரிசையும் வராமல், வெறும் ராஜாவை வைத்துக்கொண்டு ரிவரில் இருந்ததையெல்லாம் உள்ளே தள்ளினார். எதிரே சாம் ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி, மேஜையில் அதைவிடப் பெரிய சீட்டே இல்லை. ஆனாலும் நெடுநேரம் யோசித்துக் கீழே வைத்துவிட்டார். நாம் எல்லோரும் மனிமேக்கரின் துணிச்சலைத்தான் பேசுகிறோம். அந்த ப்ளஃப் பலித்ததற்கு எதிரே இருந்தவர் தொழில்முறை ஆட்டக்காரர் என்பதும் காரணம். சீட்டைக் கீழே வைக்கத் தெரிந்தவரிடம்தான் ப்ளஃப் எடுபடும். என் நண்பர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் "பார்த்துடுவோம்" என்றிருப்பார், மனிமேக்கர் கணக்கர் வேலைக்கே திரும்பிப் போயிருப்பார்.

சரி, என்ன செய்யலாம்? ரிவரில் ப்ளஃப் செய்வதை மூன்று மாதம் அடியோடு நிறுத்திப் பாருங்கள். நல்ல சீட்டு வரும்போது தயங்காமல் பெரிதாகக் கட்டுங்கள். "பெரிதாகக் கட்டினால் பயந்து ஓடிவிடுவார்களே" என்ற பயம் வீட்டு ஆட்டத்தில் வேண்டாம். ஓடமாட்டார்கள், ஏழு ஜோடிக்காரர் நிச்சயம் ஓடமாட்டார்.

ஃப்ளாப்புக்கு முன் ஏற்றும் அளவையும் மாற்றவேண்டியிருக்கும். வீடியோவில் பெரிய பிளைண்டைப் போல இரண்டரை, மூன்று மடங்கு என்பார்கள். உங்கள் மேஜையில் அந்த அளவுக்கு ஐந்து பேரும் கூட வருவார்கள். ஏஸ் ஜோடி, ஏதோ ஒரு கைக்கு எதிராக, நூற்றுக்கு 85 முறை ஜெயிக்கும். அதே ஏஸ் ஜோடி ஐந்து கைகளுக்கு எதிராக என்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். ஆகவே ஆறு மடங்கு, எட்டு மடங்கு என்று ஏற்றி ஓரிருவரை மட்டும் கூட வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை "என்னடா இவ்வளவு?" என்று முணுமுணுப்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

எத்தனை கை ஆடுகிறீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். வந்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதா என்று பாதிக்குமேல் ஆடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். ரம்மியில் முதல் ட்ராப்புக்கே புள்ளி போகும். இங்கே பிளைண்ட் கட்டாதவருக்குச் சீட்டைக் கீழே வைப்பது இலவசம், அந்த இலவசத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முக்கியமாக, "ரெண்டும் ஒரே சின்னம்" என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே போகாதீர்கள். அப்படிப் போனால் ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் அமைவது நூற்றுக்கு ஒரு முறைகூட இல்லை. சின்ன ஜோடி பரவாயில்லை, அதில் ஃப்ளாப்பில் அதே எண்ணில் மூன்றாவது சீட்டு விழ நூற்றுக்கு 12 வாய்ப்பு உண்டு. மலிவாகப் பார்க்க முடிந்தால் பாருங்கள், விழாவிட்டால் வைத்துவிடுங்கள்.

இப்படி ஆடினால் அடுத்த வாரமே ஜெயிப்பீர்களா? தெரியாது. கையால் கலைத்துப் போட்டு, நடுநடுவே அரட்டையும் அடித்தால் ஒரு மாலையில் நூறு ஆட்டம் வருவதே பெரிது. ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும், அதாவது இரண்டு வாரம் கண்ணிலேயே படாமல் போகலாம். ஒரு மாலையின் லாப நஷ்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். செல்பேசியில் தேதியும் கூட்டல் கழித்தலும் குறித்து வாருங்கள், இருபது முப்பது மாலைக்குப் பிறகு பார்த்தால் கொஞ்சம் பிடிபடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் கூட்டம் உடைந்தது தோல்வியால் அல்ல, கணக்கால். ஒருநாள் ஆறு பேர் தலா 200, நடுவில் இரண்டு பேர் மறுபடி 200 வாங்கினார்கள், ஏட்டில் 1600. கடைசியில் சிப்பை எண்ணினால் 1800. யாரோ "அப்புறம் தர்றேன்" என்று எடுத்தது எழுதப்படவில்லை. யார் என்று யாருக்கும் நினைவில்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜெயித்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடித்தோம். பணம் பெரிதில்லை. ஆனால் அதற்குப்பின் இரண்டு மாதம் ஒருவர் வரவே இல்லை. அவர்தான் எடுத்தாரா, இல்லை சந்தேகப்பட்டார்கள் என்ற கோபமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது எங்களிடம் ஒரு டப்பா இருக்கிறது. பணம் டப்பாவில் விழுந்த பிறகுதான் சிப் கைக்கு வரும். ஒருவர் மட்டும்தான் கொடுப்பார், கொடுத்த கையோடு தாளில் எழுதுவார். ஜெயித்த சிப்பை நடுவில் எடுத்துச் சட்டைப்பையில் போடக்கூடாது, சீட்டுப் போட்ட ஒரு கை முடிவதற்குள் புதிதாகப் பணம் இறக்கவும் கூடாது. எப்போது முடிப்பது என்பதை ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுவோம், இல்லாவிட்டால் தோற்றவர் "இன்னும் ஒரு சுற்று" என்பார், அந்த ஒரு சுற்று விடியும்வரை ஓடும். வீட்டுக்காரர் பாட்டிலிருந்து பங்கு எடுப்பதும் கிடையாது. எடுத்தால் பல இடங்களில் அது சட்டப்படி சூதாட்ட விடுதி நடத்துவதாகிவிடும். பங்கு எடுக்காவிட்டாலும் பணம் வைத்து ஆடுவதற்கே தடை உள்ள இடங்கள் உண்டு, உங்கள் ஊரில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழு ஜோடிக்காரர் இன்னும் வருகிறார். போன மாதம் எனக்கு ராணி ஜோடி வந்தது, ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் பெரிதாகக் கட்டினேன். ரிவரில் "பார்த்துடுவோம்" என்றார். இந்த முறை அவரிடம் நான்கு ஜோடி.