"ஒண்ணும் பண்ணாதும்மா"ன்னா சரியாப் போச்சா?

கேள்வி: எங்க தெரு பார்க்ல பக்கத்து வீட்டு அங்கிள் தினமும் காலைல அவரோட லேப்ரடார் நாயை அவுத்து விட்டுடறாரு. என் ஆறு வயசுப் பையன் அது ஓடி வந்தாலே அலர்றான். சொன்னா "ஒண்ணும் பண்ணாதும்மா, விளையாடத்தான் வருது"ங்கறாரு. எங்களுக்கு எவ்வளவோ ஹெல்ப் பண்ணவரு, கம்ப்ளெயின்ட் பண்ண மனசு வரல.
– ஒரு அம்மா, மடிப்பாக்கம்

பதில்: தினமும் முகத்துல முழிக்கணுமேன்னு நீங்க தயங்கறது புரியுதும்மா. ஆனா உங்க பையன் பயப்படறதுல தப்பே இல்ல, அவன் உயரத்துக்கு அந்த நாயோட வாய் நேரா மூஞ்சிகிட்ட வருது, அவ்ளோ பெரிய நாய் பாசமா தாவினாக்கூட புள்ள மல்லாக்க விழுவான். 2024 மே மாசம் நுங்கம்பாக்கம் மாநகராட்சி பார்க்ல ரெண்டு ராட்வீலர் சேர்ந்து வாட்ச்மேனோட அஞ்சு வயசுப் பொண்ணைக் குதறினதை யாரும் மறந்திருக்க மாட்டோம். லேப்ரடார் அந்த மாதிரி இல்லதான், இருந்தாலும் எந்த நாய் எப்போ மிரளும்னு வளர்க்கறவருக்கே தெரியாது.

பார்க்ல பத்து பேர் முன்னாடி கேட்காதீங்க, அவருக்கு ரோஷம் வந்துடும். சாயங்காலம் வீட்டுக்கே போய், "அங்கிள், நாயைக் கூட்டிட்டு வாங்க, சங்கிலி மட்டும் கையில இருக்கட்டும்"னு சொல்லுங்க. தெரு நாய்ங்க கூட்டமா வந்து கடிச்சாலோ, கேட் தாண்டி ரோட்டுக்கு ஓடி பைக்ல அடிபட்டாலோ போகப்போறது அவரோட நாய்தானே, அதையும் சொல்லுங்க. நாயை நேசிக்கறவருக்கு இது உறைக்கும்.

அப்பவும் கேக்கலைன்னா தயங்காம மாநகராட்சி புகார் நம்பர் 1913க்கு போன் பண்ணுங்க, இல்ல அவங்களோட 'நம்ம சென்னை' ஆப்ல போட்டோவோட புகார் போடுங்க. பொது இடத்துல சங்கிலி இல்லாம கூட்டிட்டு வந்தா சென்னை மாநகராட்சி 500 ரூபா அபராதம் போடும், நாய்க்கு லைசென்ஸ் இல்லன்னா 5,000, அந்த லைசென்ஸுக்கு வருஷத்துக்கு வெறும் 50 ரூபாதான். அலட்சியமா விட்டு ஆபத்து வந்தா பாரதிய நியாய சன்ஹிதாங்கற குற்றவியல் சட்டத்தோட 291வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. ஆனா நாயே வளர்க்கக் கூடாதுன்னு அசோசியேஷன்ல தீர்மானம் போடச் சொல்லாதீங்க, அவங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது, நமக்கு வேண்டியதும் அது இல்ல.

பையன்கிட்ட நாய் வந்தா ஓடாம, கத்தாம, கையைத் தொங்கவிட்டு அப்படியே நிக்கச் சொல்லிக் குடுங்க. நகம் கீறினாக்கூட சோப்புப் போட்டு 15 நிமிஷம் குழாய்த் தண்ணியில கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, வளர்ப்பு நாய்தானேன்னு மட்டும் இருந்துடாதீங்க.