அப்பாவின் லாரிக்குப் பெரியப்பா

அன்புள்ள ஐயா,

அம்மாப்பேட்டையில் வசிக்கிறேன். நாற்பது உலோகப் பொம்மை வண்டிகள் வைத்திருக்கிறேன். அம்பாசிடர், பால் வேன், டிராக்டர் என்று எல்லாமே சாதாரண வண்டிகள். பந்தயக் கார் ஒன்றுகூட இல்லை. “இதையெல்லாம் ரோட்டிலேயே பார்க்கலாமே, காசு கொடுத்து எதற்கு மாமா?” என்று அக்கா மகன் கேட்கிறான். என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெயின்ட் உதிர்ந்த வண்டிகளுக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கலாமா?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

அக்கா மகனை அழைத்துக்கொண்டு போய் ஐந்து ரோடு சந்திப்பில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். எத்தனை அம்பாசிடர் வருகிறது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். 2014 வரை தயாரான வண்டி அது. சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கேட்கவே வேண்டாம். பந்தயக் கார் வாங்கியவர் அதற்குப் போர்வை போர்த்தி வைப்பார். டாக்சியையும் லாரியையும் நாம் ஓடும்வரை ஓட்டிவிட்டு எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

என் அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டினார். அசோக் லேலண்ட் காமெட். வண்டி வந்து நின்றதும் ஓடிப்போய் பானெட்டில் கை வைப்பேன், சுடும். பிறகு அது விலைபோய், இன்ஜின் ஒரு பக்கமும் சேஸிஸ் ஒரு பக்கமுமாகப் பிரிந்தது. அந்த வண்டியோடு அப்பா நிற்கும் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

பல வருடங்கள் கழித்து, ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது பழைய சாமான்களுக்கு நடுவே டிங்கி என்ற பழைய ஆங்கிலேயப் பொம்மை வகையில் ஒரு லாரி கிடைத்தது. மூக்கு நீண்ட லேலண்ட் காமெட், பின்னால் சட்டம் அடித்த பாடி. லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் 1949இல் வெளியிட்ட மாதிரி அது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் எண்ணூரில் இன்றைய அசோக் லேலண்ட் நிறுவனம் பாகங்களை இணைத்துப் பூட்ட ஆரம்பித்ததும் காமெட் லாரியைத்தான். அப்பாவின் லாரிக்கு அது பெரியப்பா முறை. கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன்டா, ஸ்டியரிங் வைக்கவில்லையா?” என்று கேட்டார். அந்தக் காலத்து டிங்கி லாரிகளுக்குள் ஒன்றும் இருக்காது. அன்று அது எனக்குப் பெரும் குறையாகப் பட்டது.

அக்கா மகனிடம் இதையும் சொல்லுங்கள். மேட்ச்பாக்ஸ் என்ற பொம்மை வண்டி வரிசை பிறந்ததே ஒரு ரோடு ரோலரால்தான். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்றிருந்ததால், ஜாக் ஓடெல் என்ற பொறியாளர் தன் மகளுக்குச் சின்னதாக ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். 1953இல் வரிசை தொடங்கியபோது முதல் மூன்று எண்களும் ரோடு ரோலர், டம்பர், சிமென்ட் மிக்சர்.

பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். யாரோ ஒரு பிள்ளை திண்ணையில் உருட்டிய தேய்மானம் அது. அழித்தால் திரும்ப வராது. பாடி துத்தநாகக் கலவை என்பதால் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. சக்கரங்களைக் கோக்கும் கம்பி எஃகு, அதுதான் துருப்பிடிக்கும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் என் வண்டிகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டுத் துடைத்து வையுங்கள். மிகப் பழைய வண்டியில் பாடியே வெடித்துக்கொண்டு வந்தால், அது வார்ப்பில் ஈயம் கலந்ததால் வரும் கேடு. மருந்து கிடையாது, பக்கத்து வண்டிக்குத் தொற்றவும் செய்யாது. ஈரம் படாமல் வைத்தால் கொஞ்சம் தாமதப்படும், அவ்வளவுதான்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி, போர் போடுகிற அந்தப் பெரிய வண்டி, பொம்மையாக என் அலமாரியில் இன்னும் இல்லை. உங்கள் கண்ணில் பட்டால் எனக்கு எழுதுங்கள்.