இரண்டாவது விருப்பு வாக்கு

அன்புள்ள ஐயா,

நூறு பேரில் 51 பேர் கை தூக்கினால் மற்ற 49 பேரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதானா? வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களித்தால் சிறுபான்மையினரின் குரலும் எடுபடும் என்கிறார்களே, சரிதானா?
ச.

அன்புள்ள ச.,

அந்த முறை பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கை ஜனாதிபதித் தேர்தல் 1982இலிருந்து அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டதால், இரண்டாவது விருப்பு வாக்கை 2024 வரை யாரும் எண்ணவே இல்லை.

அந்த ஆண்டு அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76. மற்ற அத்தனை பேரையும் ஒரேயடியாக நீக்கிவிட்டு, அவர்களுக்கு விழுந்த சுமார் 33 லட்சம் சீட்டுகளில் இந்த இருவருக்கு அடுத்த விருப்பம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். தேறியது இரண்டே முக்கால் லட்சம்கூட இல்லை. ஒரு புள்ளடியை (× குறியை) மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். கடைசியில் அநுர பெற்றது 55.89 சதவீதம் என்று அறிவித்தார்கள். தேறாத சீட்டுகளைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு அது. செல்லுபடியான மொத்த வாக்குகளில் பார்த்தால் 43தான்!

சரி, எல்லோரும் ஒழுங்காக 1, 2, 3 போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்த முறை தேடுவது ஒரு பெரும்பான்மையைத்தான். 1956இல் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய ‘சிங்களம் மட்டும்’ சட்டம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்துத்தான் நிறைவேறியது. உறுப்பினர்களை 1, 2, 3 போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அங்கே தமிழர் சிறுபான்மையாகத்தான் இருந்திருப்பார்கள்.

அதற்கு மருந்து வேறு. பெல்ஜியத்தில் சில முக்கியமான சட்டங்களுக்கு மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு போதாது. டச்சு மொழி உறுப்பினர்களில் பாதிக்கு மேல், பிரெஞ்சு மொழி உறுப்பினர்களில் பாதிக்கு மேல் என்று தனித்தனியாகவும் கிடைக்க வேண்டும். பிரதமரை விட்டுவிட்டால், அமைச்சரவையில் இரு மொழிக்காரர்களும் சரிபாதி. இழுபறிக்குப் பஞ்சமில்லை. 2010 ஜூன் தேர்தலுக்குப் பின் அரசு அமைய 541 நாள் ஆனது. எனக்கு அது பெரிய விலையாகத் தெரியவில்லை.

ஆனால் அங்கே ஒவ்வொரு உறுப்பினரும் எந்த மொழிக்குழு என்பது எழுதி வைத்த விஷயம். இலங்கையில் இதைக் கொண்டுவந்தால், தமிழ் பேசும் முஸ்லிம் உறுப்பினர்களை எந்தப் பக்கம் எண்ணுவது என்பதிலேயே முதல் சண்டை தொடங்கும்.

அன்புடன்.