டாங்கி போலத் தானே ஓடும் கே-9 பீரங்கியைத் தென்கொரியா பத்து நாடுகளுக்கு விற்கிறது. அப்படி ஒன்றைச் செய்து விற்க இந்தியாவால் ஏன் முடியவில்லை?

“நமக்குக் குழாய் செய்யத் தெரியாதா?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். தெரியும். ‘எது அதிக தூரம் பாயும்’ என்று ஒப்பிடும் யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். கே-9 பாயும் தூரம் 40 கி.மீ. என்று போடுகிறார்கள். அது கே-307 என்ற பேஸ் பிளீட் குண்டுக்கான, அதாவது அடிப்பக்கத்தில் வாயுவை விட்டுக் காற்றின் இழுப்பைக் குறைத்துக்கொள்ளும் குண்டுக்கான தூரம். அதே குழாயில் பழைய எம்-107 குண்டைப் போட்டால் 18 கி.மீ.தான். எந்தக் குண்டு, எந்த சார்ஜ் (குண்டைத் தள்ளும் வெடிமருந்து) என்று சொல்லாமல் தூரத்தை மட்டும் போடுவது ஏமாற்று வேலை.

வாங்க வருகிறவன் முதலில் பார்ப்பது தன் கிடங்கில் இருக்கும் குண்டு இதில் போகுமா என்பதைத்தான். 155 மி.மீ., 52 கேலிபர் என்றால் குழாய் நீளம் வாய் அகலத்தைப் போல 52 மடங்கு, அதாவது 8.06 மீட்டர். கே-9-இன் வெடிமருந்து அறை 23 லிட்டர், அதாவது நேட்டோ நாடுகள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட அளவு. நம் நாட்டிலேயே உருவான ஏ.டி.ஏ.ஜி.எஸ். பீரங்கிக்கு 25 லிட்டர். தூரம் கூடும், ஆனால் வாங்குபவனிடம் உள்ள ஒவ்வொரு குண்டுக்கும் சார்ஜுக்கும் தனியாகச் சுட்டுப் பார்த்து, எந்தக் கோணத்தில் சுட்டால் எங்கே விழும் என்ற சுடு அட்டவணை போட்டுக் கொடுக்க வேண்டும். ஏ.டி.ஏ.ஜி.எஸ்.-ஐ மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நல்ல பீரங்கி, 2025 மார்ச்சில் 307 பீரங்கிகளுக்கு ஒப்பந்தமும் ஆகிவிட்டது. ஆனால் அது லாரியில் கட்டி இழுத்துச் செல்லும் ரகம், நீங்கள் கேட்டது தானே ஓடும் ரகம்.

அந்த ரகத்தில் கழுத்தைப் பிடிப்பது வண்டிதான். 47 டன் கே-9-ஐ இழுப்பது 1000 குதிரைத்திறன் கொண்ட ஜெர்மன் எம்.டி.யு. எஞ்சின், கியர்பாக்ஸ் அமெரிக்காவின் அலிசன். பீரங்கி கொரியாவுடையது என்றாலும் இன்னொரு நாட்டுக்கு விற்க ஜெர்மனி கையெழுத்துப் போட வேண்டும். கே-9 தொழில்நுட்பத்தை 2001-இல் வாங்கி ‘ஃபிர்டினா’ செய்த துருக்கி, 2011-இல் அஜர்பைஜானுக்கு 36 விற்கப் பேசி முடித்தது. எஞ்சினுக்கு ஜெர்மனி அனுமதி தரவில்லை, விற்பனை நின்றுபோனது. கொரியா தன் எஸ்.டி.எக்ஸ். நிறுவனத்தை வைத்து அதே 1000 குதிரைத்திறனில் சொந்த எஞ்சின் செய்ய இறங்கியதற்கும் இந்த அனுமதித் தொல்லைதான் காரணம்.

சேஸிஸும் லேசுப்பட்டதல்ல. சுடும்போது வரும் உதைப்பு டரட் (குழாயைத் தாங்கிச் சுழலும் மேற்கூடு) வளையம் வழியாக அடிக்கூட்டின் வெல்டிங்கில் இறங்கும். போலந்து தன் ‘கிராப்’ பீரங்கிக்கு பிரிட்டிஷ் டரட்டை எடுத்து, சேஸிஸைச் சொந்தமாகச் செய்தது. அடிக்கூட்டில் விரிசல் விட்டது, எஞ்சின் உற்பத்தியும் நின்றுபோனது. கடைசியில் 2014-இல் கொரியாவிடம் 120 கே-9 சேஸிஸ் வாங்கினார்கள். நம் ஊர்க் கதையும் உண்டு. ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியின் சேஸிஸில் தென்னாப்பிரிக்க டெனெல் டரட்டை ஏற்றி ‘பீம்’ என்று ஒன்றைச் சோதித்தார்கள். லஞ்சப் புகாரில் 2005-இல் டெனெலுடனான தொடர்பை அரசு நிறுத்தியதும் அது அப்படியே கிடப்பில் போனது. நின்றிருக்காவிட்டாலும், அர்ஜுனில் இருப்பதும் எம்.டி.யு. எஞ்சின்தான்.

கே-9 குறையே இல்லாத சரக்கு என்று சொல்ல வரவில்லை. குண்டை இயந்திரம் ஏற்றும், சார்ஜைக் கையால் வைக்க வேண்டும். சார்ஜுக்குப் பித்தளை உறை கிடையாது, அதனால் வாயு பின்பக்கம் கசியாமல் தடுக்க வேண்டியது பிரீச் எனும் குழாயின் பின்மூடியும் அதன் சீலும்தான். 2017 ஆகஸ்டில் தென்கொரியாவின் சொர்வோனில் பயிற்சியின்போது பிரீச் சரியாக மூடாமலே சார்ஜ் பற்றிக்கொண்டது. கசிந்த தீ டரட் தரையில் இருந்த மற்ற சார்ஜ்களைப் பிடித்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். 2010-இல் தென்கொரியாவின் யோன்பியோங் தீவின் மீது வட கொரியா சுட்டபோது, அங்கிருந்த ஆறு கே-9-களில் மூன்றுதான் முதலில் திருப்பிச் சுட முடிந்தது. மீதி மூன்றில் ஒன்றின் குழாயில், பயிற்சியில் சுட்ட குண்டு சிக்கிக் கிடந்தது. இப்போது வரும் ஏ-2 ரகத்தில் சார்ஜையும் இயந்திரமே ஏற்றும், ஆள் ஐந்திலிருந்து மூன்றாகும். ஆயிரத்துக்கும் மேல் சொந்த ராணுவத்தில் ஓடியதால்தான் இந்தக் குறைகள் வெளியே வந்தன.

அதே எண்ணிக்கைதான் விற்பனைக்கும் உதவுகிறது. பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் கொரிய ராணுவம் ஓட்டிய பழைய பீரங்கிகளையே கொடுத்தார்கள். போலந்து 2022 ஆகஸ்டில் 212-க்குக் கையெழுத்திட்டது, டிசம்பரில் முதல் 24 கப்பலில் வந்து இறங்கின. உற்பத்தி வரிசையை மூடாமல் வைத்திருப்பவனால் மட்டுமே இது முடியும்.

நம்மிடம் எல் அண்ட் டி, குஜராத்தின் ஹசீராவில் 100 வஜ்ராவை (கே-9-இன் இந்திய வடிவம்) 2021 பிப்ரவரிக்குள் முடித்துக் கொடுத்துவிட்டது. அடுத்த 100-க்கு ஒப்பந்தம் 2024 டிசம்பரில், சுமார் 7,629 கோடிக்கு. நடுவில் கிட்டத்தட்ட நான்கு வருடம். அதுவரை புஷ், பிராக்கெட், சீல் செய்யும் சின்னப் பட்டறைக்காரன் எதைச் செய்து பிழைப்பான்? சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் போட்டாயிற்று. பில் போட்டவனைக் கேளுங்கள், எத்தனையாவது நாளில் வந்தது என்று சொல்வான். இந்தப் பதிலுக்கு அது சம்பந்தமில்லை என்பீர்கள், ஆனால் உதிரி பாகம் அங்கிருந்துதான் வருகிறது.