பழைய ஸ்லாட், புதுக் கர்னல்: ஐஎஸ்ஏ கார்டு வைத்திருப்பவர்களுக்கான கேள்வி பதில்

பாலக்காடு கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளவர்கள் கேட்டவை. எல்லாம் லினக்ஸ் பற்றியவை. ஐஎஸ்ஏ என்பது பிசிஐ-க்கு முந்தைய பழைய பஸ், அதாவது கார்டு ஸ்லாட் வகை; கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். போர்ட் எண்கள் (கார்டோடு பேசும் முகவரிகள்) அனைத்தும் ஹெக்ஸ், அதாவது பதினாறு அடிமானம். டைப் செய்யும்போது முன்னால் பூஜ்யமும் எக்ஸும் கட்டாயம் வேண்டும். ஏன் என்று இரண்டாம் கேள்வியில் இருக்கிறது.

கஞ்சிக்கோடு, மெஷின் ஷாப்: சார், எங்க இண்டஸ்ட்ரியல் போர்டில் ஒரு ஐஎஸ்ஏ ஸ்லாட் இருக்கு, ப்ராசஸர் 64-பிட். 6.1 கர்னல் சோர்ஸில் மெனுகான்ஃபிக் (கர்னல் ஆப்ஷன்களைத் தேர்ந்தெடுக்கும் மெனு) திறந்தால் 'ஐஎஸ்ஏ சப்போர்ட்' என்ற வரியே இல்லை. அந்தத் தேர்வுகள் சேமிக்கப்படும் டாட்-கான்ஃபிக் ஃபைலில் கையால் எழுதினாலும் அடுத்த மேக்கில் காணாமல் போகுது.

அந்த ஆப்ஷன் 32-பிட் எக்ஸ்86 கர்னலுக்கு மட்டுமே உண்டு. 64-பிட்டில் கையால் எழுதிவிட்டு 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்' அடித்தால், நிபந்தனை சரியில்லாத வரியைச் சத்தமில்லாமல் தூக்கிவிடும். எரர் வராது, எச்சரிக்கையும் வராது. பழைய பஸ் விஷயத்தில் பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான்: ஆப்ஷன் போட்டாயிற்று என்று நினைத்துக் கம்பைல் செய்துவிடுவார்கள்.

உங்கள் ப்ராசஸர் 64-பிட்டாக இருந்தாலும் 32-பிட் கர்னல் ஓடும். கம்பைல் செய்யவும் அந்த மெஷின் தேவையில்லை, வீட்டிலுள்ள 64-பிட் லேப்டாப் போதும். 'மேக் ஆர்ச்=ஐ386 டெஃப்கான்ஃபிக்', பிறகு அதே ஆர்ச்சோடு மெனுகான்ஃபிக். 'பஸ் ஆப்ஷன்ஸ்' மெனுவில் ஐஎஸ்ஏ சப்போர்ட்டை ஆன் செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் 'டிவைஸ் டிரைவர்ஸ்' கீழே பிளக் அண்ட் பிளே (கார்டின் எண்களைத் தானாக ஒதுக்கும் முறை, சுருக்கமாக பிஎன்பி) மெனுவில் ஐஎஸ்ஏ-பிஎன்பி கண்ணில் படும். அதையும் ஆன் செய்யுங்கள். எந்த டிரைவர் ஏன் தெரியவில்லை என்று குழப்பம் வந்தால், மெனுகான்ஃபிக்கில் சாய்கோடு கீயை அழுத்திப் பெயரைத் தேடுங்கள். 'டிபெண்ட்ஸ் ஆன்' வரியில் எது நிறைவேறவில்லை என்று அதுவே சொல்லும். கம்பைலுக்கு முன் டாட்-கான்ஃபிக்கை ஒருமுறை கிரெப் கட்டளையால் தேடிப் பாருங்கள். டெபியன் மாதிரி சிஸ்டம் என்றால் 'பின்டெப்-பிகேஜி' இலக்கு நேராக டெப் பேக்கேஜாகவே கொடுத்துவிடும்.

64-பிட்டிலேயே இருக்க வேண்டும் என்றால் ஒரு குறுகிய வழி உண்டு. 'ஜெனரல் செட்டப்'பில் எக்ஸ்பர்ட் ஆப்ஷனைத் திறந்தால் 'ஐஎஸ்ஏ பஸ் சப்போர்ட் ஆன் மாடர்ன் சிஸ்டம்ஸ்' என்று ஒன்று வரும். அதில் கிடைப்பது பெரும்பாலும் பிசி/104 (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சிறு போர்டு) வகை ஐஓ கார்டு டிரைவர்கள்தான். என்இ2000 நெட்வொர்க் கார்டு, சவுண்ட் பிளாஸ்டர் சவுண்ட் கார்டு எதுவும் அதில் வராது. 64-பிட் கான்ஃபிக்கில் 'ஐஎஸ்ஏ டிஎம்ஏ ஏபிஐ' ஆன் ஆகி இருப்பதைப் பார்த்து ஐஎஸ்ஏ இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அது ஃப்ளாப்பி போன்றவை ப்ராசஸர் வழியாகப் போகாமல் நேராக மெமரியோடு பேசுவதற்கான (டிஎம்ஏ) வேறு விஷயம்.

இன்னொன்று: புது போர்டில் உள்ள ஐஎஸ்ஏ ஸ்லாட், பெரும்பாலும் ஃபின்டெக் எஃப்85226 மாதிரி ஓர் எல்பிசி-ஐஎஸ்ஏ பிரிட்ஜுக்கு (சிப்செட்டின் எல்பிசி பஸ்ஸை ஐஎஸ்ஏ-ஆக மாற்றும் சிப்) பின்னால் இருக்கும். சிப்செட் எந்தப் போர்ட் வரம்பைத் திறந்து விடுகிறதோ அது மட்டும்தான் கார்டுக்குப் போய்ச் சேரும். பயாஸில் அந்த வரம்பு திறக்கப்படாவிட்டால் எந்த முகவரியைப் படித்தாலும் எஃப்எஃப் என்றே வரும். கர்னலைக் குறை சொல்வதற்கு முன் பயாஸ் மெனுவைப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை, பாலிடெக்னிக் மாணவர்: மாஷே, உக்கடத்தில் பழைய சாமான் கடையில் ஒரு என்இ2000 மாதிரி நெட்வொர்க் கார்டு கிடைச்சது. சிப்பில் ரியல்டெக் 8019ஏஎஸ்னு போட்டிருக்கு. டிரைவர் மாட்யூலை ஏற்ற 'மாட்ப்ரோப் என்இ ஐஓ=300' கொடுத்தா 'நோ சச் டிவைஸ்'.

தம்பி, 300 என்று மட்டும் கொடுத்தால் கர்னல் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு ஹெக்ஸ் 12சி-யில் போய்த் தேடும். அங்கே கார்டு ஏது? எக்ஸ் இல்லாமல் பூஜ்யம் மட்டும் போட்டு 0300 என்று கொடுத்தால் இன்னும் மோசம்: அது ஆக்டல் (எட்டு அடிமானம்), 192 ஆகும், அதாவது ஹெக்ஸ் சி0. அது இரண்டாவது டிஎம்ஏ கன்ட்ரோலரின் இடம்.

இப்போது கார்டு. 8019ஏஎஸ் மூன்று விதமாக இயங்கும்: ஜம்பர், ஜம்பர்லெஸ், பிளக் அண்ட் பிளே. பிளக் அண்ட் பிளேயில் இருந்தால், கர்னலில் ஐஎஸ்ஏ-பிஎன்பி ஆன் ஆகியிருக்கும்போது எந்த ஆப்ஷனும் கொடுக்காமலே டிரைவர் பிடித்துக்கொள்ளும். ஜம்பர்லெஸ் என்றால் எண்கள் கார்டின் ஈஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத சிப்) எழுதப்பட்டிருக்கும். முந்தைய முதலாளி என்ன எழுதினாரோ தெரியாது. ஃப்ரீடாஸில் பூட் செய்து ரியல்டெக்கின் 'ஆர்செட்8019' புரோகிராமை ஓட்டி, போர்ட் 300, ஐஆர்க்யூ (இன்டரப்ட், அதாவது கார்டு ப்ராசஸரைக் கூப்பிடும் கம்பியின் எண்) 10 என்று எழுதி வையுங்கள். ஐஆர்க்யூ 3 வேண்டாம், அது காம்2 சீரியல் போர்ட்டுக்கு உரியது.

இந்தக் கார்டு 300-இலிருந்து 31எஃப் வரை 32 முகவரிகளைப் பிடிக்கும். அந்த இடத்தில் வேறு எதுவும் இல்லை என்று 'ப்ராக் ஐஓபோர்ட்ஸ்'இல் பாருங்கள், ஆனால் ரூட்டாகப் பாருங்கள். சாதாரண யூசருக்கு எல்லா வரியும் பூஜ்யமாகத்தான் தெரியும். சரியாக ஏறினால் ஐஓ, ஐஆர்க்யூ இரண்டையும் 'மாட்ப்ரோப்.டி' கோப்புறையில் ஒரு ஃபைலில் எழுதி, மாட்யூல் பெயரை 'மாட்யூல்ஸ்-லோட்.டி'யிலும் சேர்த்துவிடுங்கள். பிசிஐ கார்டு மாதிரி தானாக ஏறாது. கார்டு தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

மாட்யூலாக இல்லாமல் கர்னலுக்குள்ளேயே கட்டினால் பூட் வரியில் 'ஈதர்=' கொடுக்கலாம். அங்கே வரிசை தலைகீழ்: முதலில் ஐஆர்க்யூ, அடுத்து போர்ட், கடைசியில் இன்டர்ஃபேஸ் பெயர்.

அதே மாணவர், தொடர்ச்சியாக: கார்டு ஏறிடுச்சு மாஷே, மேக் அட்ரஸ்கூடக் காட்டுது. ஆனா பிங் போகலை. கொஞ்ச நேரத்தில் 'டிரான்ஸ்மிட் க்யூ 0 டைம்டு அவுட்'னு வருது.

போர்ட் சரி, ஐஆர்க்யூ வந்து சேரவில்லை. 'ப்ராக் இன்டரப்ட்ஸ்'இல் 10-ஆம் வரியைப் பாருங்கள். பிங் ஓடும்போதும் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றால் சந்தேகமே இல்லை.

பயாஸில் 'பிஎன்பி/பிசிஐ கான்ஃபிகரேஷன்' பக்கத்தில் ஐஆர்க்யூ 10-ஐ 'லெகசி ஐஎஸ்ஏ' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பயாஸ் அதை ஏதாவது ஒரு பிசிஐ கார்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். பிசிஐ இன்டரப்ட் லெவல் வகை, பல கார்டுகள் ஒரே கம்பியைப் பகிரலாம். ஐஎஸ்ஏ இன்டரப்ட் எட்ஜ் வகை, கார்டு கம்பியை மேலே தள்ளும்போது மட்டும் கணக்கு. இரண்டையும் ஒரே எண்ணில் வைத்தால் ஒன்று மற்றதை அமுக்கிவிடும். ஐஎஸ்ஏ கார்டுக்குப் பொதுவாக மிஞ்சுவது 5, 9, 10, 11. பேரலல் போர்ட்டை அணைத்தால் 7. பிஎஸ்/2 மவுஸ் இல்லையென்றால் 12-ம் உண்டு. கார்டின் ஜம்பரில் 2 என்று போட்டிருந்தால் கர்னலுக்கு 9 என்று சொல்லுங்கள். ஐபிஎம் பிசி/ஏடி காலத்திலிருந்தே அந்தக் கம்பி 9-க்குத்தான் போகிறது.

சித்தூர், கல்லூரி லேப் உதவியாளர்: இழுவிசை சோதனை மெஷினில் அட்வான்டெக் பிசிஎல்-711பி அளவீட்டுக் கார்டு இருக்குதுங்க. பழைய டாஸ் பிசி போயிருச்சு. லினக்ஸில் ஓட்ட முடியுமா?

முடியும், கோமெடி (அளவீட்டுக் கார்டுகளுக்கான டிரைவர் தொகுப்பு) இருக்கிறது. பல வருடம் ஸ்டேஜிங்கில் (இன்னும் பக்குவப்படாத டிரைவர்களின் இடம்) கிடந்தது, 2021-இல் கர்னலின் முக்கிய டிரைவர் பகுதிக்கு வந்துவிட்டது. 32-பிட் கர்னலில் ஐஎஸ்ஏ ஆன் செய்து, கோமெடி, அதன் கீழ் 'ஐஎஸ்ஏ அண்ட் பிசி/104 டிரைவர்ஸ்', அதன் கீழ் பிசிஎல்-711 மூன்றையும் ஆன் செய்யுங்கள். நடுவில் உள்ளது வெறும் மெனு, மற்ற இரண்டையும் மாட்யூலாக வையுங்கள்.

பலருக்கும் தெரியாமல் போவது இது: கோமெடி மாட்யூலை ஏற்றும்போது 'கோமெடி_நம்_லெகசி_மைனர்ஸ்=1' என்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஐஎஸ்ஏ கார்டுக்கு 'டெவ் கோமெடி0' உருவாகாது. பிறகு கோமெடிலிப் பேக்கேஜில் உள்ள 'கோமெடி_கான்ஃபிக்' கட்டளையில் டிவைஸ் ஃபைல், பிசிஎல்711பி என்ற போர்டு பெயர், பேஸ் முகவரி, கமா, ஐஆர்க்யூ. 711பி-க்கு ஐஆர்க்யூ 7 வரைதான். அதற்கு மேல் கொடுத்தால் டிரைவர் அதைக் கண்டுகொள்ளாமல் ஐஆர்க்யூ இல்லாமலே ஏறிவிடும். ஒவ்வொரு ரீடிங்காக எடுக்கலாம், தொடர்ச்சியான ஸ்கேன் நடக்காது. பேஸ் முகவரியை டிப் ஸ்விட்சிலிருந்து படியுங்கள். அது 220 என்றால் அதே மெஷினில் சவுண்ட் பிளாஸ்டர் வைக்காதீர்கள், அதுவும் 220-இல்தான் உட்காரும்.

லோட் செல்லின் கம்பியைப் பிடுங்குவதற்கு முன் ஒரு ஃபோட்டோ எடுத்துவிடுங்கள். இது கர்னல் விஷயம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பொள்ளாச்சி, ரெக்கார்டிங் ஆர்வலர்: அண்ணா, சவுண்ட் பிளாஸ்டர் 16 பூட்டில் ஏற்றினால் வேலை செய்யுது. மாட்யூலை எடுத்துட்டு ரெண்டு நாள் கழிச்சு மறுபடி ஏற்றினால் சில சமயம் ஃபெயில் ஆகுது.

ஐஎஸ்ஏ டிஎம்ஏ-க்கு 24 முகவரிக் கம்பிகள்தான், ஆக முதல் 16 எம்பி மட்டும். 8-பிட் சேனலில் பஃபர் 64 கேபி எல்லையைத் தாண்டவும் கூடாது. சிஸ்டம் நாட்கணக்கில் ஓடியபின் அந்த முதல் 16 எம்பியில் தொடர்ச்சியான இடம் சிதறிப்போயிருக்கும். பூட்டிலேயே ஏற்றி விட்டுவிடுங்கள், கழற்றாதீர்கள். கான்ஃபிக்கில் 'ஜோன் டிஎம்ஏ' அணையாமல் இருக்கட்டும். பிஎன்பி இல்லாத பழைய மாடல் என்றால் 'ஐஎஸ்ஏபிஎன்பி=0' கொடுத்து போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ8-க்கு 1, டிஎம்ஏ16-க்கு 5 என்று எழுதுங்கள்.

பிஎன்பி மாடலில் எண்ணை மாற்ற வேண்டுமானால் 'சிஸ் பஸ் பிஎன்பி டிவைசஸ்' கீழே அந்தக் கார்டின் 'ரிசோர்சஸ்' ஃபைலில் முதலில் 'டிசேபிள்', பிறகு 'செட்' என்று புது எண்கள், கடைசியில் 'ஆக்டிவேட்' என்று எக்கோ செய்யலாம். டிரைவர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது செய்தால் டிவைஸ் பிஸி என்று மறுத்துவிடும்.

வாளையார், கிடங்கு கணினிப் பிரிவு: 'லோக்கல்மாட்கான்ஃபிக்' போட்டுச் சின்னக் கர்னல் கட்டினோம். பழைய கார்டு டிரைவர் ஒன்றுகூட வரலை.

வராது. அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் வெட்டுவதுதான் அதன் வேலை. ஐஎஸ்ஏ டிரைவர்கள் தானாக ஏறுவதில்லை, ஆகவே வெட்டப்பட்டுவிடும். வேண்டியதை எல்லாம் முதலில் மாட்ப்ரோப் செய்து, 'எல்எஸ்மாட்'இல் சரிபார்த்து, பிறகு அந்தக் கட்டளையை ஓட்டுங்கள்.

மீனாட்சிபுரம்: ஐபிஎம் பிஎஸ்/2, மைக்ரோ சேனல். எந்தக் கர்னல்?

மைக்ரோ சேனல் (எம்சிஏ, ஐபிஎம் பிஎஸ்/2-இன் பஸ்) ஆதரவை லினக்ஸ் 2012-இல் 3.5 பதிப்பில் முழுதாக நீக்கிவிட்டது. 3.4 தான் கடைசி. 386 சிப் ஆதரவு 3.8-இல் போனது. இதற்காக 3.4-ஐக் கட்டிக்கொண்டு அழுவதைவிட நெட்பிஎஸ்டி ஐ386 (லினக்ஸ் அல்லாத வேறொரு யூனிக்ஸ் வகை சிஸ்டம்) பாருங்கள், அதில் எம்சிஏ டிரைவர் இருக்கிறது. எதை ஏற்றினாலும் அந்த மாடலின் ரெஃபரன்ஸ் டிஸ்க் இல்லாமல் கார்டை மாற்றாதீர்கள். மைக்ரோ சேனலில் ஜம்பர் கிடையாது, எல்லாம் அந்த டிஸ்க் வழியாகத்தான்.

கோவிந்தாபுரம்: ஈஐஎஸ்ஏ, வெசா லோக்கல் பஸ் இரண்டுக்கும் தனித்தனி ஆப்ஷன் உண்டா?

ஈஐஎஸ்ஏ-வுக்கு (ஐஎஸ்ஏ-வின் 32-பிட் நீட்சி) உண்டு. கார்டு பட்டியலில் வந்தும் முடக்கப்பட்டதாகக் காட்டினால், ஈஐஎஸ்ஏ கான்ஃபிகரேஷன் யுடிலிட்டி எழுதி வைத்தது சிமாஸ் பேட்டரியோடு போயிருக்கும். தற்காலிகமாக 'ஈஐஎஸ்ஏ_பஸ்.எனேபிள்_டெவ்=' என்று பூட் வரியில் கொடுத்துப் பாருங்கள். வெசா லோக்கல் பஸ் என்பது 486-இன் சொந்தப் பஸ்ஸை அப்படியே ஸ்லாட்டுக்கு நீட்டியது, கர்னலுக்கு அதைத் தனியாகத் தெரிந்துகொள்ள எதுவுமில்லை. ஈஐஎஸ்ஏ மெனுவில் உள்ள 'விஎல்பி பிரைமிங்' அந்த மாதிரி போர்டுகளில் கார்டு ஐடியைப் படிக்க உதவும், அவ்வளவுதான். வெசா ஐடிஇ (ஹார்டு டிஸ்க்) கார்டுக்கு 'பாட்டா_லெகசி' டிரைவர். பழைய ஐடிஇ டிரைவர் தொகுப்பு 5.14-இலேயே எடுத்தாயிற்று.

பாலக்காடு நகரம், சர்வீஸ் சென்டர்: எந்த டிஸ்ட்ரோ வைப்பது? மழைக்காலத்தில் ஐஎஸ்ஏ கார்டு அடிக்கடி காணாமல் போகுது, அதுக்கும் சேர்த்துச் சொல்லுங்க.

டெபியன் 12-தான் 32-பிட் கர்னலோடு வந்த கடைசி டெபியன். 2025 ஆகஸ்டில் வந்த 13-இல் ஐ386-க்குக் கர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. பென்டியம் ப்ரோவுக்குக் கீழே, அதாவது சாதாரண பென்டியம், எம்எம்எக்ஸ் எல்லாம் டெபியன் 9-லிருந்தே வெளியே. அந்த மெஷின்களுக்கு பில்ட்ரூட்டில் (சிறு லினக்ஸ் சிஸ்டம் கட்டும் கருவி) ஐ586 தேர்ந்தெடுத்து நீங்களே சின்னதாகக் கட்டுவதுதான் சுத்தம்.

இடவப்பாதியில் கார்டு மறைவது பெரும்பாலும் எட்ஜ் கனெக்டர் பிரச்சினை. 16-பிட் ஸ்லாட்டில் 98 தொடுமுனைகள்; ஒன்று கறுத்தாலும் போர்ட் படிக்கும்போது எஃப்எஃப். ரப்பரால் தேய்த்தால் தங்கப் பூச்சு போய்விடும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த நூல் விடாத துணி போதும். ஸ்லாட்டையும் துடையுங்கள். கூடவே மதர்போர்டில் பீப்பாய் வடிவ 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உடனே வெட்டி எடுத்து, கசிந்த இடத்தை வினிகரால் நடுநிலைப்படுத்தி, ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். அந்தக் கசிவு பொதுவாகக் கீபோர்டு கன்ட்ரோலர் பக்கம் ட்ராக்குகளைத் தின்னும். அது ஸ்லாட் வரை வந்துவிட்டால் எந்தக் கான்ஃபிக்கும் உதவாது, மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ட்ராக் ட்ராக்காகப் பார்க்க வேண்டியதுதான்.