எப்போதும் நான்தான் ஹீலரா?

கேள்வி: எனக்கு 28 வயது. கணவர், கொழுந்தன், கணவரின் கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர், நான் என்று ஐந்து பேரும் சனிக்கிழமை இரவுகளில் ‘எக்ஸோபிரைமல்’ என்ற வீடியோ கேம் ஆடுகிறோம். முதல் நாளே, “அண்ணி, நீங்க விட்ச்டாக்டர் எடுத்துக்குங்க, அதுதான் ஈஸி” என்றான் கொழுந்தன். அடிபட்ட கூட்டாளிகளுக்கு உயிர் ஏற்றும் ஹீலர் வேலை அது. எட்டு மாதமாக அதையேதான் எடுக்கிறேன். ஜெயித்தால் யார் எத்தனை டைனோசரைச் சுட்டார்கள் என்றே பேச்சு ஓடும். தோற்றால் மட்டும், “ஹீல் எங்கே போச்சு?” என்று என் பக்கம் திரும்புவார்கள். போன வாரம், “நான் ரோட்பிளாக் எடுக்கட்டுமா?” என்று கேட்டேன். “பொண்ணுங்களுக்கு ஹீலர்தான் செட் ஆகும்” என்றார் ஒரு நண்பர். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். ஒரு கேமுக்குப் போய் இப்படி மனசு நோகிறதே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. பேசாமல் விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருக்கலாம் என்று உட்காருகிறீர்கள். அந்த நேரத்திலும் ஏச்சு வாங்கினால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். கேம் என்பதால் வலி குறைந்துவிடாது.

இந்த கேமைத் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட கேம் இது. 1999-இல் ‘டினோ கிரைசிஸ்’ எடுத்த அதே நிறுவனம்தான். கதை 2040-களில், பிகிடோவா என்ற கற்பனைத் தீவில் நடக்கிறது. லெவியாதன் என்ற செயற்கை நுண்ணறிவு, இரும்புக் கவசம் போன்ற எக்ஸோசூட் போட்ட வீரர்களைப் பிடித்துவைத்து, ஐந்து ஐந்து பேராகப் போட்டியில் இறக்கிவிடுகிறது. வானத்தில் ஒரு சுழல் திறக்கும். அதிலிருந்து ராப்டர்கள் நூற்றுக்கணக்கில் கொட்டும். இரண்டு அணிகளும் தனித்தனியாக டைனோசர்களை அடித்துக்கொண்டே போக வேண்டும். எதிரணி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது நிழலுருவமாகத் தெரியும். பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் இரு அணிகளும் நேருக்கு நேர் மோதும். சூட்களில் மூன்று வகை: சுடுவதற்கு அசால்ட், முன்னால் நின்று அடி தாங்குவதற்கு டேங்க், மற்றவர்களைக் காப்பாற்றுவதற்கு சப்போர்ட். நம் சகோதரிக்குக் கொடுத்திருக்கும் விட்ச்டாக்டர் கடைசி வகை. அவர் கேட்ட ரோட்பிளாக், கேடயம் பிடிக்கும் டேங்க்.

அது ஈஸி என்று உங்கள் கொழுந்தன் சொன்னாராம். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அசால்ட் வகையில் டெட்ஐ என்ற சூட்டை எடுத்தவருக்கு எதிரே வருவதைச் சுடுவதுதான் முக்கிய வேலை. விட்ச்டாக்டருக்கு நான்கு பேரின் உயிர்க்கோடும் கண்ணில் இருக்க வேண்டும். யாருக்கு இப்போது கோலை நீட்டுவது, ஹீல் வட்டத்தை எந்த இடத்தில் போட்டால் டேங்க்கும் அதற்குள் வருவார், கூட்டமாகப் பாயும் ராப்டர்களை எப்போது உறைய வைப்பது என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுக்க வேண்டும். சுட்டு வீழ்த்தியது எல்லோர் கண்ணிலும் படும். விழாமல் காப்பாற்றப்பட்டவருக்குத் தான் விழ இருந்ததே தெரியாது. உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நான் மறுபக்கத்தில் இருந்தவள். கேம் வந்த புதிதில் எங்கள் அணியில் நான் டெட்ஐயை விடவே மாட்டேன். எங்கள் விட்ச்டாக்டர் ஒரு பழைய தோழி, அதிகம் பேசாதவள். ஒரு நாள் மூன்று கார்னோட்டாரஸ்கள் ஒரே சமயத்தில் வந்தன. நான் கூட்டத்தை விட்டுத் தனியாக முன்னால் ஓடி, சூட் உடைந்து விழுந்தேன். விழுந்த வேகத்தில் மைக்கில் கத்திவிட்டேன், “என்னடி பண்ணிட்டு இருக்க?” என்று. அவள் பதிலே சொல்லவில்லை. அந்த மேட்ச் முடியும்வரை எல்லோருக்கும் ஹீல் கொடுத்தாள், எனக்கும்தான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. அவள் இடத்தில் நான் விட்ச்டாக்டர் எடுத்து உட்கார்ந்த முதல் இரவில்தான், முன்னால் ஓடிப்போகிறவருக்குப் பின்னாலிருந்து கோல் எட்டாது என்பது புரிந்தது. போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். “அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லத் தோணல” என்றாள்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், பேசாமல் விட்டுவிடாதீர்கள். விலகுவது உங்கள் உரிமை. ஆனால் சொல்லாமல் விலகினால், உங்களுக்குச் சலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அடுத்து வருகிறவர் தலையில் அதே விட்ச்டாக்டரைக் கட்டுவார்கள்.

முதலில் கணவரிடம் பேசுங்கள். தோற்ற கையோடு, ஹெட்செட்டைக் கழற்றாமல், நான்கு பேர் கேட்கப் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடிக்கும்போது, வேறு யாரும் இல்லாத நேரமாகப் பாருங்கள். நீளமாகச் சொல்லத் தேவையில்லை. “அவர் அப்படிச் சொன்னபோது நீங்களும் சிரிச்சீங்க, அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது” என்று சொன்னால் போதும். நண்பர் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் உங்களைத் தைத்திருக்கிறது என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. “சும்மா விளையாட்டுக்குத்தானே” என்று அவர் சொல்லலாம். சரி, விளையாட்டுதான் என்றால் சூட்டை மாற்றிக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லையே என்று கேளுங்கள். கோபமில்லாமல் கேட்டால் அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது.

அப்புறம் நண்பரின் விஷயம். பெண்களுக்கு ஹீலர்தான் பொருந்தும் என்பது கேம் ஆடும் இடங்களில் பல வருடங்களாகக் காதில் விழும் பேச்சு. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அவரோடு வாதாடி உங்கள் சனிக்கிழமையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இனி ஒருமுறை சொன்னால், “அப்படிப் பேசாதீங்க” என்று உங்கள் கணவர் சொல்ல வேண்டும். அதையும் ஞாயிறு காலையிலேயே அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி சூட் விஷயம். ரோட்பிளாக்கைச் சலுகையாகக் கேட்காதீர்கள். அணியில் அதற்குப் பொருத்தமானவர் நீங்கள்தான் என்பது என் கணிப்பு. எட்டு மாதமாகப் பின்னால் நின்று எல்லோரும் எங்கே அடி வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள். எந்தப் பக்கத்திலிருந்து கூட்டம் வரும், யார் அவசரப்பட்டு முன்னால் ஓடுவார் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். கேடயம் எங்கே நிற்க வேண்டும் என்பது ஹீலருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

“அப்போ ஹீல் யார் பண்றது?” என்று உடனே கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சுடாமல் இருக்க முடியாத உங்கள் கொழுந்தனுக்கு நிம்பஸைக் கொடுங்கள். அதுவும் சப்போர்ட்தான், ஆனால் இரண்டு கைகளிலும் துப்பாக்கி. குண்டை மாற்றி மாற்றி, டைனோசரையும் சுடலாம், கூட்டாளிக்கும் உயிர் கொடுக்கலாம். பறக்கப் பிடிக்கும் என்கிறவருக்கு ஸ்கைவேவ் என்ற சப்போர்ட் சூட் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த கேமில் மேட்ச் நடுவிலேயே சூட்டை மாற்றிக்கொள்ளலாம். ஒரு ஆள் கடைசிவரை ஒரே சூட்டில் கிடக்க வேண்டும் என்ற விதியே கிடையாது. அந்த விதி உங்கள் வீட்டில் போட்டது. வாரத்துக்கு ஒருவர் சப்போர்ட் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். டாமினேட்டரையும் அந்த முறையில் சேர்த்துவிடுங்கள். டைனோசராகவே மாறி எதிரணிக்குள் புகுந்து கலைக்கும் அந்தச் சந்தர்ப்பம் இந்த எட்டு மாதத்தில் உங்களுக்கு எத்தனை முறை கிடைத்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஒருமுறைகூட இருக்காது என்று நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் மாறவில்லை என்றால், தனியாக உள்ளே போங்கள். கேம் உங்களை முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்துவிடும். மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு தாராளமாக ஆடலாம். வேண்டிய சூட்டை எடுக்க அங்கே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

முதல்முறை ரோட்பிளாக் எடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ட்ரைசெராடாப்ஸ் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடிவரும்போது, உங்கள் கால் தானாகப் பின்னால் போகப் பார்க்கும். எட்டு மாதப் பழக்கம் அது. போகவிடாதீர்கள். கேடயத்தை அதன் முகத்துக்கு நேராக நிறுத்தி, கேடயத்துக்கு எவ்வளவு வலு மிச்சம் இருக்கிறது என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். வலு தீருகிற மாதிரி இருந்தால் மைக்கில் சொல்லிவிடுங்கள், பின்னால் நிற்கும் கொழுந்தன் ஹீல் கொடுப்பார்.